நாவலைப் படித்த கையோடு படம் பார்த்தால் ஏன் சப்பென்று இருக்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்ச நாளாகப் பழைய ஆங்கில நாவல்களைப் படித்துவருகிறீர்கள். ஒன்றை முடித்த கையோடு அதன் படத்தையும் தேடிப் பார்க்கிறீர்கள். சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’, எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ இரண்டிலும் இப்படிச் செய்து இரண்டிலும் ஏமாந்திருக்கிறீர்கள். முன்னதில் ஆர்லிக் என்ற பாத்திரமே காணோம், பின்னதில் பாதிக் கதையே காணோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘படம் எப்போதுமே நாவலுக்கு ஒரு படி கீழேதானா? படத்தை முதலில் பார்த்துவிட்டால் இந்த ஏமாற்றம் இருக்காதா?’ என்பது கேள்வி. எதை முதலில் எடுப்பது என்று கேட்பதுபோல இருந்தாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது எதை எதோடு ஒப்பிடுவது என்பதுதான் என்று நினைக்கிறேன். படம் ஓடும்போது உங்கள் மனதுக்குள் ஒரு சரிபார்ப்புப் பட்டியலும் கூடவே ஓடுகிறது. அது ஓடும்வரை எந்தப் படமும் தேறாது.

நான் கல்லூரியில் பல ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் நடத்தியவன். நாவல் பாடமாக வரும்போதெல்லாம் அதன் படத்தையும் வகுப்பில் போட்டுக் காட்டிப் பேசுவது வழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். படம் எடுத்த அனுபவம் எனக்கில்லை. பிரெஞ்சு, ரஷ்ய மொழிகளும் தெரியாது; டால்ஸ்டாயையும் ஹ்யூகோவையும் மொழிபெயர்ப்பில் படித்தவன்தான். அதனால் பெரும்பாலும் ஆங்கில நாவல்களோடு நின்றுகொள்கிறேன்.

எது விடுபட்டது என்று எண்ணுவதை முதலில் விட்டுவிடுங்கள். அது வெறும் கணக்கு. ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 59 அத்தியாயம். 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. வாசகன் எட்டு மாதம் அதோடு வாழ்ந்திருக்கிறான். டேவிட் லீன் 1946இல் எடுத்த படம் இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. யார் எடுத்தாலும் பாதிக்கு மேல் போகத்தான் செய்யும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: நாவலில் இந்தக் கதையை யார் சொல்கிறார்கள், எந்த வயதில், எங்கே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள்? படத்தில் அந்த ஆள் என்ன ஆனார்? என் அனுபவத்தில், நல்ல படத்துக்கும் சுமாரான படத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது.

நீங்கள் படித்த டிக்கன்ஸையே எடுத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் பிப் என்ற சிறுவன் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறான். அப்பா, அம்மா முகத்தை அவன் பார்த்ததில்லை. கல்லறைக் கல்லில் உள்ள எழுத்தின் வடிவத்தை வைத்து, அப்பா சுருட்டை முடியோடு கறுத்துப் பருத்தவராக இருந்திருப்பார் என்றும், அம்மா முகத்தில் புள்ளி விழுந்த நோயாளியாக இருந்திருப்பாள் என்றும் முடிவு கட்டுகிறான். பக்கத்தில் இறந்துபோன ஐந்து தம்பிகளுக்கு ஐந்து குட்டிக் கற்கள். அவர்கள் எல்லாரும் கால்சட்டைப் பையில் கையை விட்டபடி மல்லாந்தே பிறந்து, கடைசிவரை கையை வெளியில் எடுக்காமலே போய்விட்டார்கள் என்பது அவன் நம்பிக்கை. இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது, அடுத்த கணமே தொண்டை அடைக்கிறது. காரணம், அங்கே இரண்டு பிப் இருக்கிறார்கள். ஒருவன் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சிறுவன். இன்னொருவன், எல்லாம் நடந்து முடிந்து பல வருடம் கழித்து அந்தச் சிறுவனை லேசான கேலியோடும் பரிவோடும் நினைத்துப் பார்க்கிற ஆள். பல வாக்கியங்களில் இரண்டு பேரின் குரலும் ஒன்றாகவே ஒலிக்கிறது.

படத்தில் இதை என்ன செய்வது? திரையில் நிற்பது ஒரே பையன். லீன் அந்தக் கல்லறை எழுத்துக் கற்பனையைத் தூக்கிப் போட்டுவிட்டார். முதலில் நாவலின் பக்கம் ஒன்று தெரிகிறது, வளர்ந்த பிப்பின் குரல் அதைப் படிக்கிறது. அப்புறம் சதுப்பு நிலக் கரையோரம், தூக்குமரங்களைத் தாண்டி, ஒரு பையன் ஓடி வருகிறான். காற்று, கிரீச்சிடும் மரக்கிளை. பையன் பயந்து எழுந்து ஓட, கேமராவும் அவனோடு பக்கவாட்டில் திரும்ப, அந்தத் திருப்பத்திலேயே ஒரு முரட்டு உருவத்தின் மேல் போய் மோதுகிறான். தப்பி வந்த கைதி மேக்விட்ச். உடனே கைதியின் முகம் பெரிதாக, அடுத்து பையனின் அலறல். இயக்குநராகும் முன்பு லீன் படத்தொகுப்பாளராக இருந்தவர். அந்தக் கை இங்கே நன்றாகவே தெரிகிறது.

இதைப் பார்த்தவுடன் ‘நாவலின் நகைச்சுவை போச்சு’ என்று சொல்லிவிடலாம். போனது உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாக ஒன்று வந்திருக்கிறது. நாவலில் நமக்குச் சொல்லப்படும் பயம், படத்தில் நமக்கே நேர்கிறது. கதை சொல்லும் பெரிய பிப்பை விட்டுக்கொடுத்து, சின்னப் பிப்பின் உயரத்துக்கு நம்மை இறக்கிவிட்டார் லீன். முதல் பாதி முழுக்க இதைக் கவனித்துப் பாருங்கள்: அறைகள் தேவைக்கு அதிகமாகப் பெரிதாக இருக்கும், பெரியவர்கள் மேலிருந்து குனிந்து வருவார்கள். ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் இந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது சும்மா இல்லை. இன்னொரு இடம்: கைதிக்காகப் பன்றி இறைச்சிப் பணியாரத்தைத் திருடிக்கொண்டு பனிமூட்டத்தில் பிப் ஓடுகிறான். நாவலில் வேலியும் வரப்பும் மாடும் ‘திருட்டுப் பயலே’ என்று அவனைக் கூப்பிடுவதுபோல எழுதியிருக்கிறார் டிக்கன்ஸ். பாதிரியார் மாதிரி கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு நிற்கும் ஒரு கறுப்பு எருதிடம் ‘ஐயா, எனக்கு வேறு வழியில்லை, எனக்காக எடுக்கவில்லை’ என்று பையன் கெஞ்சவே செய்கிறான். லீன் படத்திலும் மாடு பேசும். எழுத்தில் ஓர் உவமையாகக் கடந்துபோவதைத் திரையில் அப்படியே நிஜமாக்க ரொம்பத் துணிச்சல் வேண்டும். கேலிக்கூத்தாகப் போயிருக்கலாம், போகவில்லை.

அதே படம் எங்கே தோற்கிறது என்பதும் இதே கேள்வியில் தெரியும். பிப் லண்டனில் கனவானாகிவிட்ட பிறகு, அவனை வளர்த்த கொல்லர் ஜோ பார்க்க வருகிற 27ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் நாவலின் உச்சம் அதுதான், மற்றதெல்லாம் அப்புறம். ஜோ தன் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுப்பு மாடத்தின் விளிம்பில் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது, அவர் பிடித்துக்கொண்டே இருக்கிறார். தான் தூக்கி வளர்த்த பையனை ஒரு வாய் ‘பிப்’ என்கிறார், மறுவாய் ‘சார்’ என்கிறார். காசு கொடுத்து அவரை வரவிடாமல் செய்ய முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே வாசகனிடம் ஒப்புக்கொள்கிறான். கிளம்பும்போது, வாழ்க்கையே எத்தனையோ பிரிவுகளைச் சேர்த்துப் பற்றவைத்ததுதான் என்று தன் தொழில் பேச்சிலேயே சொல்லிவிட்டுப் போகிறார் ஜோ.

படத்தில் தொப்பி விழுகிறது, பெர்னார்ட் மைல்ஸ் ஜோவாக அருமையாகச் செய்திருக்கிறார், காட்சி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதோடு வரும் பின்னணிக் குரலில், கனவானாகப் பார்த்து வெறும் பகட்டுக்காரனாக ஆகிவிட்டேன் என்று பிப் பளிச்சென்று சொல்லிவிடுகிறான். நாவலில் இந்த வரி கிடையாது. அங்கே பிப் தன்னைப் பற்றி இவ்வளவு பளிச்சென்று தீர்ப்பு எழுதிக்கொள்வதில்லை. பெரும்பாலும் தான் செய்ததைச் சொல்லிவிட்டு, தீர்ப்பை நம் கையில் விட்டுவிடுகிறான். கல்லறைக் காட்சியில் குரல் இல்லாமலே ஜெயித்த லீன், இங்கே குரலை நம்பி வழுக்கிவிட்டார் என்பது என் கருத்து. இன்னொரு குறையும் உண்டு. வளர்ந்த பிப்பாக நடித்த ஜான் மில்ஸுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. இருபது வயதுப் பையனின் அசட்டுத்தனம் மன்னிக்கக்கூடியது. அதே அசட்டுத்தனம் அந்த முகத்தில் வரும்போது எரிச்சல்தான் வருகிறது. ஆர்லிக் இல்லாததைவிட இது பெரிய இழப்பு. ஆர்லிக்கை நான் தேடவே இல்லை.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில், பிப் காதலித்த எஸ்டெல்லா ஒரு மருத்துவரை மறுமணம் செய்துகொண்டுவிடுகிறாள். பிப்பும் அவளும் லண்டன் தெருவில் ஒரு நிமிடம் பார்த்துப் பிரிகிறார்கள், அவ்வளவுதான். நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டன் சொன்னதன்பேரில் அதை மாற்றி, எஸ்டெல்லா வளர்ந்த, இப்போது இடிந்துபோன சாட்டிஸ் மாளிகை நிலத்தில் இருவரும் கைகோத்து நடக்கிற முடிவை எழுதினார். டிக்கன்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜான் ஃபார்ஸ்டர் பழைய முடிவை அச்சிட்டதால்தான் அது நமக்குத் தெரியவந்தது. இவ்வளவும் உறுதி. எது மேல் என்பது இன்றுவரை ஓயாத சண்டை. மாற்றிய முடிவிலும் இருவரும் சேர்ந்துவிட்டார்களா என்பது கறாராகச் சொல்லப்படவில்லை. இன்னொரு பிரிவின் நிழல் எதையும் நான் காணவில்லை என்கிறான் பிப். அவன் காணவில்லை, இருந்ததா இல்லையா என்பது வேறு. லீன் இரண்டையும் எடுக்கவில்லை. படத்தில் எஸ்டெல்லா, தன்னை வளர்த்த, கல்யாணம் நின்றுபோன மிஸ் ஹாவிஷமின் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்து அவளைப்போலவே ஆகத் தொடங்குகிறாள். பிப் வந்து திரைச்சீலைகளைப் பிய்த்தெறிய, வருடக்கணக்கில் வராத வெயில் உள்ளே கொட்டுகிறது. டிக்கன்ஸ் எழுதாத காட்சி. ஆனாலும் கடிகாரங்களை நிறுத்தி, கல்யாணக் கேக்கை அழுகவிட்டு, வெளிச்சத்தை அடைத்த அந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு சினிமாவில் எனக்குத் தோன்றவில்லை. இளம் எஸ்டெல்லாவாக நடித்த ஜீன் சிம்மன்ஸ், பிற்பாடு 1989இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் மிஸ் ஹாவிஷமாகவே நடித்தார் என்பது கூடுதல் சுவை.

கதை சொல்பவரை முழுக்க வெளியே அனுப்பிவிட்டும் ஜெயித்த படம் வேண்டுமென்றால் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பாரி லிண்டன்’. 1975இல் வந்தது. மூலம் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1844இல் தொடராக எழுதிய நாவல். அதில் பாரி தன் கதையைத் தானே சொல்கிறான், அதுவும் கடன்காரச் சிறையில் உட்கார்ந்துகொண்டு. வாயைத் திறந்தால் புளுகு. அயர்லாந்து ராஜ வம்சம் என்கிறான். சூதாட்டத்தில் ஏமாற்றியதைத் திறமை என்கிறான். பெண்டாட்டியைக் கொடுமைப்படுத்தியதைக் கண்டிப்பு என்கிறான். அவன் பெருமையடிக்கப் பெருமையடிக்க நமக்கு அவன் யோக்கியதை தெரிந்துகொண்டே போகிறது. நாவலின் ருசி முழுக்க அந்தப் பொய்யில்தான்.

இதைப் படத்தில் அப்படியே செய்ய முடியாது. வாய் ஒன்று சொல்ல, கண்முன் வேறு நடந்தால் அது வெறும் காமெடியாகிவிடும். குப்ரிக்கே ஒரு பேட்டியில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். அதனால் பாரியின் வாயை மூடிவிட்டு, எங்கோ தள்ளி நிற்கும் ஓர் அமைதியான மூன்றாம் ஆளின் குரலை வைத்தார். அந்தக் குரல், நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும். பாரி தன் மகனோடு கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே, இவன் ஏழையாக, தனியாக, பிள்ளையில்லாமல் முடியப்போகிறவன் என்று சாவகாசமாகச் சொல்லும். கேமராவும் அப்படித்தான். ஒரு கையிலோ முகத்திலோ தொடங்கி மெல்ல மெல்லப் பின்வாங்கும். கடைசியில் ஆட்கள் பொம்மை அளவுக்குச் சின்னதாகி, மலையும் வானமும் பெரிதாக நிற்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே படம்பிடிக்க, நாசாவுக்காகச் செய்யப்பட்ட சைஸ் (Zeiss) நிறுவன லென்ஸை வாங்கி மாட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அதையேதான் பேசுவார்கள். எனக்கு அதைவிட அந்தப் பின்வாங்கல்தான் முக்கியம். நாவலில் பாரி நம் காதோரம் உட்கார்ந்து பேசுகிறான். படத்தில் அவன் சுவரில் மாட்டிய பழைய ஓவியத்துக்குள் இருக்கிறான். கதை ஒன்றுதான். நாவலில் அவனைப் பார்த்துச் சிரித்தோம், படத்தில் அவனுக்காக வருத்தப்படுகிறோம்.

இந்தப் படத்தின் கடைசியில் ஓர் எழுத்து அட்டை வரும். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் இவர்கள் வாழ்ந்தார்கள், சண்டையிட்டார்கள். நல்லவரோ கெட்டவரோ, அழகரோ அவலட்சணமோ, பணக்காரரோ ஏழையோ, இப்போது எல்லாரும் சமம் என்று. குப்ரிக் எழுதியது என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது தாக்கரேயின் வரிதான், ஆனால் நாவலின் முதல் அத்தியாயத்தில் போகிறபோக்கில் வருகிறது. அங்கே இரண்டாம் ஜார்ஜ். அதோடு வாக்கியம் அங்கே முடிவதும் இல்லை. இந்தப் பழைய வம்பெல்லாம் எதற்கு, இதைவிடச் சூடான வம்பு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வருகிறதே என்கிற தொனியில் ஒரு நக்கலோடு முடியும். குப்ரிக் அந்த நக்கலை வெட்டிவிட்டு, மன்னரின் எண்ணை மாற்றி, முதல் அத்தியாயத்து வரியைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். ஒரு வரியைக்கூடப் புதிதாக எழுதாமல் அதன் குணத்தையே மாற்றிவிட்டார். பாரி மனைவியின் மூத்த மகன் லார்ட் புல்லிங்டனோடு நடக்கும் கடைசி துப்பாக்கிச் சண்டையோ, நாவலில் கிடையவே கிடையாது. படத்தின் ஆகச் சிறந்த காட்சி அதுதான். ‘நாவலில் இருப்பதுபோலவே எடுத்திருக்கிறார்களா’ என்ற அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள், உடைந்துவிடும்.

‘வுதரிங் ஹைட்ஸ்’ விஷயத்தில் உங்கள் புகார் நியாயம். 1939இல் வில்லியம் வைலர் எடுத்த படம், லாரன்ஸ் ஒலிவியே நாயகன் ஹீத்கிளிஃபாக நடித்தது, 34 அத்தியாயத்தில் பாதியோடு நின்றுவிடுகிறது. அவன் காதலி கேத்தரின் சாவது 16ஆம் அத்தியாயத்தில். அதற்குப் பிறகுதான் ஹீத்கிளிஃப் அடுத்த தலைமுறையைப் பிடித்து வதைக்கிறான். பழிவாங்கி முடித்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்பது அங்கேதான் வருகிறது. அதை எடுத்துவிட்டால் நாவல் ஒரு காதல் கதையாகச் சுருங்கிவிடும், சுருங்கியும் விட்டது. கடைசியில் இரண்டு ஆவிகள் பனியில் கைகோத்துப் போகிற காட்சி, தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் விரும்பிச் சேர்த்தது. வைலருக்கு அதில் உடன்பாடில்லை. 1992இல் வந்த படம் இரண்டாம் தலைமுறையையும் சேர்த்து எடுத்தது. ஜூலியட் பினோஷ் அம்மா, மகள் இரண்டு பேராகவும் நடித்தார். எல்லாம் இருக்கிறது, ஆனால் 1939 படத்தில் இருந்த உஷ்ணம் இல்லை. முழுமையும் தரமும் ஒன்றல்ல என்பதற்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும்.

சில மாற்றங்களுக்குக் கலைக் காரணமே இருக்காது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டாஃப்னி டூ மோரியே 1938இல் எழுதிய ‘ரெபெக்கா’வை 1940இல் ஹிட்ச்காக் எடுத்தார். தயாரிப்பாளர் செல்ஸ்னிக், நாவலை விட்டு விலகியதற்காக ஹிட்ச்காக்கின் முதல் திரைக்கதை வடிவத்தையே திருப்பி அனுப்பினவர். அவ்வளவு மூல விசுவாசி. ஆனால் நாவலின் அச்சாணியை அவராலேயே காப்பாற்ற முடியவில்லை. (இன்னும் படிக்கவில்லையென்றால் அடுத்த பத்தி வரை தாண்டிவிடுங்கள்.) நாவலில் நாயகன் மேக்ஸிம் தன் முதல் மனைவி ரெபெக்காவைச் சுட்டுக் கொல்கிறான். அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிப்படி கொலைகாரன் தண்டனையில்லாமல் போகக் கூடாது. ஆகவே படத்தில் ரெபெக்கா தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். சின்ன மாற்றம்போலத் தெரியும். ஆனால் நாவலில், கணவன் கொலைகாரன் என்று தெரிந்த பிறகும் அந்தப் பெயரில்லாத இரண்டாம் மனைவிக்கு நெஞ்சு லேசாகிறது: அப்பாடா, இவர் அவளைக் காதலிக்கவே இல்லை! அவளோடு சேர்ந்து, அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாமும் நினைக்கிறோம். டூ மோரியே நம்மையும் குற்றத்தில் கூட்டாளியாக்கிவிடுகிறார். படம் நம்மைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறது. அதற்காகப் படத்தை ஒதுக்கிவிடாதீர்கள். மேக்ஸிம் அந்த இரவைப் பற்றிச் சொல்லும்போது ஹிட்ச்காக் பழைய காட்சி எதையும் காட்டுவதில்லை. ரெபெக்கா எழுந்தாள், நடந்தாள் என்று அவன் சொல்லச் சொல்ல, கேமரா ஆளில்லாத இடத்தில் அவள் போன வழியே நகர்கிறது. படம் முழுக்க முகமே காட்டாத ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்று சத்தியம் பண்ணலாம்.

நம் பக்கத்திலும் இந்த ஒப்பீட்டுக்கு நல்ல பொருள் இருக்கிறது. ஹ்யூகோவின் ‘லே மிசரபிள்’ சுத்தானந்த பாரதியார் தமிழில் ‘ஏழை படும் பாடு’ ஆனது. அதிலிருந்து 1950இல் கே. ராம்நாத் இயக்கத்தில் நாகையா நடித்த படம் வந்தது. துரத்தும் போலீஸ்காரனாக நடித்த சீதாராமன், மூல நாவலின் பாத்திரப் பெயரே ஒட்டிக்கொண்டு கடைசிவரை ஜாவர் சீதாராமன் ஆகிவிட்டார். ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்துக்குப் பின்னால் ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் கர்னல் பிராண்டன், இலங்கையில் காலை இழந்து குடியில் விழுந்த முன்னாள் ராணுவ மேஜராக வருகிறார். ஆஸ்டினின் பிராண்டனுக்கும் ஒரு பழைய காயம் உண்டு; அது மனக்காயம். அந்தக் காயத்தை மம்மூட்டியின் உடம்பிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஊரும் காலமும் மாறிய இந்தப் படத்தில், அது இல்லை இது இல்லை என்று யாரும் தேடுவதில்லை. அதனாலேயே ஒப்பிடுவது சுலபமாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன்: நீங்கள் படித்தது முழு நாவல்தானா? நம்மூரில் பலருக்கு டிக்கன்ஸ் அறிமுகமானது பள்ளி நான்-டீடெயில் சுருக்கப் பதிப்பில். கடையில் கிடைக்கும் மலிவுப் பதிப்புகளிலும் சில சுருக்கங்கள்தான். அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சுருக்குகிறவர் முதலில் கை வைப்பது கதை சொல்பவரின் குரலில்தான், சம்பவங்களை மட்டும் வைத்துக்கொள்வார். திரைக்கதை எழுதுகிறவர் வேறு வழியில்லாமல் செய்வதையே அவரும் செய்திருப்பார். அதோடு படத்தை ஒப்பிட்டால் சம்பவங்களை எண்ணுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

சரி, எது முதலில்? எல்லா நாவலுக்கும் பொதுவான விதி இல்லை. ரகசியத்தில் நிற்கிற கதை என்றால் புத்தகம்தான் முதலில். பிப்புக்குப் பணம் அனுப்புவது யார், ரெபெக்காவுக்கு என்ன ஆனது என்பதை நடிகரின் முகத்தில் முதல் தடவை தெரிந்துகொள்வது நஷ்டம். ‘பாரி லிண்டன்’ போல, முடிவு தெரிந்தாலும் ஒன்றும் கெடாத கதைக்குப் படம் முதலில் வந்தால் தப்பில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு உடை, சூதாட்ட மேசை, ராணுவ அணிவகுப்பு எல்லாம் கண்ணில் பதிந்திருந்தால் தாக்கரேயின் வேகத்துக்கு ஈடுகொடுக்கலாம். ‘வுதரிங் ஹைட்ஸ்’ மாதிரி, ஒரே பெயரில் அம்மாவும் மகளும் வந்து தலை சுற்றும் நாவலுக்கு மாணவர்களிடம் ஒரு குறுக்கு வழி சொல்வேன். 16ஆம் அத்தியாயம் வரை படித்துவிட்டு மூடிவையுங்கள். 1939 படத்தைப் பாருங்கள். பிறகு மீதி 18 அத்தியாயத்தை, அந்தப் படம் தொடாத பிரதேசத்தில் நடப்பதுபோலப் படியுங்கள். ஹீத்கிளிஃபின் சாவு முன்பே தெரிந்துவிடும்தான், ஆனால் படம் காட்டும் சாவுக்கும் நாவலில் அவன் பட்டினி கிடந்து போய்ச்சேரும் சாவுக்கும் ரொம்ப தூரம்.

ஒப்பிடும்போது முழு நாவலையும் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் தராசில் வைக்காதீர்கள். ஓர் அத்தியாயம், அதற்கான ஒரு காட்சி, அவ்வளவு போதும். அத்தியாயத்தை இரண்டு தடவை படியுங்கள். காட்சியை ஒரு தடவை சத்தத்தோடும் ஒரு தடவை சத்தத்தை அடைத்துவிட்டும் பாருங்கள். சத்தம் இல்லாதபோதுதான் கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பது தெரியும். எந்த இடத்தில் பின்னணிக் குரல் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இயக்குநருக்கு வேறு வழி தோன்றாத இடம் அது. நாவலில் ஒரே வாக்கியத்தில் போகிற விஷயம் படத்தில் ஐந்து நிமிடம் ஓடினால், அங்கேயும் ஒரு குறி போடுங்கள்.

உங்களுக்கு இப்போது நான் சொல்வது: லீன் படத்தை இன்னொரு தடவை போட்டு, முதல் பத்து நிமிடத்தையும் ஜோ லண்டனுக்கு வரும் காட்சியையும் மட்டும் பாருங்கள். அப்புறம் ‘ரெபெக்கா’. ‘பாரி லிண்டன்’ மூன்றாவது. அதில் படத்துக்குப் பிறகு நாவலின் முதல் அத்தியாயத்தையாவது படித்துவிடுங்கள், மேலே சொன்ன அந்த வரி அங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக. டிக்கன்ஸ், பிராண்டி, தாக்கரே மூன்றும் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் முழுதாக, இலவசமாகக் கிடைக்கும். ‘ரெபெக்கா’வுக்கு இன்னும் காப்புரிமை இருக்கிறது, அதை வாங்க வேண்டும், இல்லையென்றால் நூலகத்தில்தான் எடுக்க வேண்டும்.